பூங்கா நேரப் பலகையைப் பார்த்துப் பதில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள், என்ன செய்யலாம்?

ஆவடி அம்மா:

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகக் கேட்கிறேன். கதை என்றால் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள், கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வரும். ஆனால் அறிவிப்புப் பலகை, பஸ் நேரம், கட்டண விவரம் என்று எதையாவது கொடுத்துக் கீழே கேள்வி போட்டால் பாதிக்கு மேல் தப்பு. போன வாரம் வந்த ஒர்க்‌ஷீட்டை அப்படியே தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

விலங்கியல் பூங்கா
நேரம்: காலை 9 முதல் மாலை 5 வரை
நுழைவுச்சீட்டு: மாலை 4 மணி வரை வழங்கப்படும்
வார விடுமுறை: செவ்வாய்
செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறையாக இருந்தால் பூங்கா திறந்திருக்கும். அதற்குப் பதில் மறுநாள் விடுமுறை
யானைக் குளியல்: காலை 10.30, பிற்பகல் 3.00 (சனி, ஞாயிறு மட்டும்)
5 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை

கேள்விகளும் அவள் எழுதியதும்:

1. பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும்? காலை 9. (இது சரி)
2. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்? 4 மணி நேரம்.
3. ஒரு குடும்பம் மாலை 4.15க்கு வந்து சேர்கிறது, கையில் சீட்டு இல்லை. உள்ளே போக முடியுமா? முடியும், 5 மணிக்குத்தானே மூடுவார்கள்.
4. சுதந்திர தினம் செவ்வாய்க்கிழமை வந்தால் அந்த வாரம் எந்த நாள் விடுமுறை? செவ்வாய்.
5. புதன்கிழமை காலை 10.30க்கு யானைக் குளியல் பார்க்கலாமா? பார்க்கலாம்.
6. வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா? கூடாது, குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

ஆறாவதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மார்க் பூஜ்யம். ட்யூஷனில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கேள்வியில் இருக்கும் முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போடு, அதே சொல்லைப் பலகையில் தேடு, பக்கத்தில் இருப்பதை எழுது. அதை ஒழுங்காகத்தான் செய்கிறாள், எல்லாவற்றிலும் அடிக்கோடு இருக்கிறது. கவனக்குறைவா, இல்லை வாசிப்பிலேயே ஏதாவது பிரச்சினையா?

சாக்பீஸ் தாத்தா:

கவனக்குறைவு இல்லம்மா. அந்த அடிக்கோடுதான் அவளைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறது.

நாலாவது கேள்வியைப் பாருங்கள். "செவ்வாய்", "விடுமுறை" என்று இரண்டு சொல்லுக்குக் கோடு போட்டிருப்பாள், பலகையில் "வார விடுமுறை: செவ்வாய்" என்று இரண்டும் ஒரே வரியில் ஜோடியாக உட்கார்ந்திருக்கிறது, எழுதிவிட்டாள். சொல்லிக்கொடுத்த வழி அவளை அங்கேதான் நிறுத்தும். அடுத்த வரி அந்த வரியையே மாற்றுகிறது என்பதைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. 2023இல் ஆகஸ்ட் 15 நிஜமாகவே செவ்வாய்க்கிழமைதான். பழைய காலண்டர் வீட்டில் கிடந்தால் எடுத்து அந்த வாரத்தைக் காட்டி, எந்த நாள் கதவு பூட்டியிருக்கும் என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். புதன் என்று அவளே சொல்லுவாள்.

மூன்றாவது இன்னும் சுவாரசியம். கேள்வியில் நேரம் இருக்கிறது, அவளும் நேரம் என்ற வரிக்குத்தான் போனாள். அதில் என்ன குற்றம்? ஆனால் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், சீட்டு 4 மணியோடு சரி, ஆகவே 4.15க்கு வருகிறவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலகையிலேயே கிடையாது, உலக அனுபவத்தில் இருந்து வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை கவுன்டரில் நின்று டிக்கெட் வாங்கியிருக்குமா? நாம்தானே வாங்குகிறோம்.

கதை வாசிப்பதும் பலகை வாசிப்பதும் வேறு வேறு வேலை. கதையில் ஒரு வாக்கியம் அடுத்ததற்குக் கைகொடுத்துக் கூட்டிப்போகும். பலகையில் ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கும், எதை எதோடு சேர்ப்பது என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பீசா என்ற சர்வதேசத் தேர்வில் அட்டவணை, விளம்பரம், அறிவிப்பு இவற்றையெல்லாம் தொடர்ச்சியற்ற பனுவல் என்று தனி வகையாகவே வைத்திருந்தார்கள். 2009 சுற்றில் இந்தியாவில் இருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன, இரண்டும் பட்டியலின் அடிமட்டத்தில் வந்தன. அப்போது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பாட வாசகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பலகையைக் கொடுத்தால் கை நடுங்கும் என்பது வகுப்பில் நிற்கிற எங்களுக்குப் புதுசு இல்லை.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். கேள்வியை முதலில் படிக்கட்டும். பதில் சொல்வதற்கு முன் "இதற்கு ஒரு வரி போதுமா, இரண்டு வரி வேண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள், அவள் அந்த வரிகளில் விரல் வைக்க வேண்டும். விரல் வைக்காமல் பதில் சொன்னால், சரியான பதிலாகவே இருந்தாலும், ஏற்காதீர்கள். ஆறாவது கேள்விக்கு விரல் வைக்க இடமே இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். தகவல் இல்லை என்பதும் ஒரு பதில்தான், நம் பிள்ளைகளுக்கு அதை எழுதப் பயம். காலியாக விட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று குரங்கைக் கூட்டி வருகிறார்கள்.

கணக்கு பாண்டி:

தாத்தா சொன்னதில் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டார். அது வாசிப்புப் பிரச்சினையே இல்லை, 9இல் 5 போனால் 4, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ரொம்பச் சாதாரணம், பெரிய பிள்ளைகளே செய்வார்கள். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வைத்து அசர் என்ற கல்வி ஆய்வு அமைப்பு நடத்திய கணக்கெடுப்புகளில் (2017, அப்புறம் 2023) ராத்திரி இத்தனை மணிக்குப் படுத்துக் காலையில் இத்தனைக்கு எழுந்தால் எவ்வளவு நேரத் தூக்கம் என்று ஒரு கேள்வி வைத்தார்கள். கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். உங்கள் ஒர்க்‌ஷீட்டில் இருப்பதும் அதே ரகம்தான் அக்கா, அங்கே பாக்கெட், இங்கே பூங்கா.

கடிகாரம் 12இல் திரும்பி ஒன்றில் தொடங்குவதால் நேரே கழிக்க முடியாது. மதியம் 12இல் ஒரு நிறுத்தம் வைக்கச் சொல்லுங்கள்: 9இல் இருந்து 12 வரை 3, அங்கிருந்து மாலை 5 வரை 5, ஆக 8. இது பிடிபட்ட பிறகு ரயில் நேரம் காட்டுங்கள், 17இல் 9 போனால் 8. இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதைப் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும். முதலிலேயே ரயில் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், 17 எங்கே இருந்து வந்தது என்று குழம்பும்.

இன்னொன்று. 4 மணி நேரம்தான் திறந்திருக்கும் என்று எழுதினாளே, அப்படியானால் காலை 9க்குத் திறந்து 1 மணிக்கு மூடிவிட வேண்டும், பிற்பகல் 3 மணிக்கு யானையைக் குளிப்பாட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். விடையைப் பலகையிலேயே சரிபார்க்கலாம் என்பது அவளுக்குப் புதிதாக இருக்கும்.

சும்மா ஒரு ஆள்:

அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு? பேசாம வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போங்க, சிங்கத்தைப் பாத்துட்டு வரட்டும். எல்லாம் தானா வரும்.

ரத்தினமங்கலத்துக்காரி:

கூட்டிப்போங்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள் 😀 வண்டலூருக்கும் செவ்வாய்தான் வார விடுமுறை, காலை 9 முதல் மாலை 5. நான் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன், செவ்வாய்தோறும் வெளியூர் வேன் ஒன்றாவது வாசல் வரை வந்து திரும்புவதைப் பார்க்கலாம், எல்லாரும் படித்தவர்கள்தான். பண்டிகை, பள்ளி விடுமுறை நாட்களில் செவ்வாயன்றும் திறந்திருக்கும் என்று அறிவிப்பு வருவதுண்டு, அதனால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ஒர்க்‌ஷீட்டில் இருக்கிற விதிவிலக்கு ஒன்றும் கற்பனை இல்லை என்று சொல்ல வருகிறேன்.

பிள்ளைகள் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பள்ளிக்கு ஞாயிறு லீவு, பூங்காவுக்கு ஏன் செவ்வாய்? இதற்குப் பதில் எந்தப் பலகையிலும் இருக்காது. ஞாயிறுதான் கூட்டமே வரும் என்பது ஒரு காரணம். அதற்கு மேல், உயிரியல் பூங்கா அங்கீகார விதிகள் (2009) வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு மூடியிருக்க வேண்டும் என்கின்றன. எந்த நாள் என்பது அந்தந்தப் பூங்காவின் முடிவு. மைசூரிலும் செவ்வாய், ஹைதராபாத் நேரு பூங்காவிலும் திருவனந்தபுரத்திலும் திங்கள், கொல்கத்தா அலிப்பூரில் வியாழன், டெல்லியில் வெள்ளி. இதை ஒரு அட்டவணையாக எழுதிக் கொடுத்து, "வியாழக்கிழமை கொல்கத்தாவில் இறங்குகிறோம், சனி ராத்திரி ரயில், என்றைக்குப் பூங்கா போகலாம்?" மாதிரி கேளுங்கள். என் அக்கா மகன் இதை விளையாட்டாகவே செய்வான், நம்மை மடக்குகிற மாதிரி கேள்வி அவனே தயாரிப்பான்.

அப்புறம், முடியுமா என்பது ஒரு கேள்வி, போகலாமா என்பது வேறு கேள்வி. வண்டலூர் 602 ஹெக்டேர். சீட்டு கிடைத்துவிட்டது என்பதற்காகக் கடைசி நேரத்தில் உள்ளே போனால் நடந்தே பொழுது போய்விடும், பாதிக் கூண்டைக்கூடப் பார்க்க முடியாது. மூன்றாவது கேள்வியில் 4.15ஐ 3.50 என்று மாற்றி, உள்ளே விடுவார்களா, போவது புத்திசாலித்தனமா என்று இரண்டாகக் கேட்டுப் பாருங்கள். முதலாவதற்குப் பலகையில் பதில் உண்டு, இரண்டாவதற்கு அவள் யோசித்துக் காரணம் சொல்ல வேண்டும்.

சிங்கை மாமா:

இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வின் ஆங்கிலத் தாளில் விளம்பரம், அறிவிப்பு மாதிரி ஒரு பக்கத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதியே உண்டு, அதனால் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். நான் வீட்டில் பயன்படுத்துவது நிஜப் பலகைதான். சிங்கப்பூர் விலங்கியல் தோட்டம் காலை 8.30 முதல் மாலை 6 வரை, கடைசி நுழைவு 5 மணி. பக்கத்திலேயே நைட் சஃபாரி இரவு 7.15க்குத் திறந்து நள்ளிரவு வரை, கடைசி நுழைவு 11.15. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், நடுவே சாப்பிட எவ்வளவு நேரம் கிடைக்கும், ராத்திரி 11.30க்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்பேன். கதவு மூடும் நேரம், கடைசியாக உள்ளே விடும் நேரம் என்று இரண்டு இருக்கும் என்பது இந்த ஒரு பலகையிலேயே மனதில் பதிந்துவிடும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு அதுதான் தேவை.

சாக்பீஸ் ஐயா சொன்ன விரல் வைக்கும் வழி நல்ல வழி. ஆனால் அடிக்கோட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். கேள்வியில் போடட்டும், பலகையில் தேடுகிறபோது அதே சொல்லைத் தேடாமல் இருந்தால் சரி.

ஆவடி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. விரல் வைக்கச் சொன்னதில் மூன்றும் நாலும் அவளே திருத்திவிட்டாள். 12இல் நிறுத்தி எண்ணுவதும் புரிந்துவிட்டது, யானையைக் குளிப்பாட்டுவது யார் என்று கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் ஐந்தாவதில் சண்டையே வந்துவிட்டது. விடைத்தாளில் "பார்க்க முடியாது" என்று இருக்கிறது. அவள் கேட்கிறாள், சனி ஞாயிறு மட்டும் என்பது பிற்பகல் 3 மணிக்குப் பக்கத்தில்தானே போட்டிருக்கிறது, காலை 10.30க்கு எப்படிச் சேரும்? விரல் வைத்துத்தான் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சாக்பீஸ் தாத்தா:

அவள் கேட்பது முழுக்க நியாயம். அந்த அடைப்புக்குறி இரண்டு நேரத்துக்கும் பொது என்றும் படிக்கலாம், 3 மணிக்கு மட்டும் என்றும் படிக்கலாம். எழுதியவர் மனதில் ஒன்று இருந்திருக்கும், ஆனால் தாளில் அது வரவில்லை. இரண்டு நேரமும் வார இறுதிக்கு மட்டும் என்றால் "சனி, ஞாயிறு மட்டும்: காலை 10.30, பிற்பகல் 3.00" என்று நாளை முன்னால் போட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட கேள்வியில் மார்க் குறைத்தால் பிள்ளைக்குத் தன் வாசிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

டீச்சரிடம் சண்டை போட வேண்டாம், விடைத்தாளும் அவர் கைக்கு அச்சடித்துத்தான் வந்திருக்கும். அந்த வரியை இரண்டு விதமாக மாற்றி எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வரும் என்று அவளையே ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: முந்தின நாள் செவ்வாய் அரசு விடுமுறையாக இருந்தால் அந்தப் புதன்கிழமை பூங்காவே பூட்டியிருக்கும், அப்போது அடைப்புக்குறியை எப்படிப் படித்தாலும் யானையைப் பார்க்க முடியாது.

ஆவடி அம்மா:

கடைசியாகச் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை ஐயா, அவளே கண்டுபிடிக்கிறாளா பார்க்கிறேன். துண்டுத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கணக்கு பாண்டி:

டீச்சர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து போடுங்கள் அக்கா. என் வகுப்புக்கும் இதே ஒர்க்‌ஷீட்தான் வந்திருக்கிறது, கொடுப்பதற்கு முன் அந்த வரியைத் திருத்திவிடுகிறேன்.