ரெண்டு நாள் பிடிச்சு வெச்ச தண்ணிதான் ஊத்தினேன், அப்பவும் மீன் மேல வந்து மூச்சு வாங்குது

கப்பிப்பைத்தியம்:
வணக்கம். 60 லிட்டர் தொட்டி, கப்பி 9, கோரி (அடில மேயற சின்ன கெளுத்தி மீன்) 4, ஓடி ஏழு மாசம் ஆச்சு. வாரம் ஒரு தடவ 20 லிட்டர் மாத்துவேன். குழாய்த் தண்ணிய டிரம்ல பிடிச்சு, கொசு முட்ட போடக்கூடாதுன்னு மூடிய இறுக்கித் திருகி வெச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சு ஊத்துவேன். நேத்து ஊத்தி பத்து நிமிஷம்கூட ஆகல, கப்பி பூரா மேல வந்து வாய வாயத் திறக்குது, கோரி ரெண்டு கண்ணாடி ஓரமா மேலயும் கீழயும் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது. ஏர் பம்ப்ப ஃபுல்லா வெச்சு சமாளிச்சேன், ஒரு கப்பி போயிடுச்சு. ரெண்டு நாள் வெச்சா குளோரின் போயிடும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

பழையதொட்டி:
மூடிய இறுக்கித் திருகினேன்னீங்க பாருங்க, வினையே அங்கதான். குளோரின் தண்ணிலேருந்து கெளம்பி காத்துல கலக்கணும், கதவச் சாத்திட்டு வெளிய போன்னா எங்க போகும். அடுத்த தடவ டிரம்மத் திறந்ததும் மோந்து பாருங்க, நீச்சல் குளத்து வாசன அடிச்சா உள்ளயே உக்காந்திருக்குன்னு அர்த்தம். கொசுவுக்கு ஒரு பழைய பருத்தித் துணிய கட்டினா போதும். டிரம்ம விட அகல வாய் டப் நல்லது, உள்ள ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்ல மாட்டி குமிழி விடற கல்லு) போட்டு விட்டா 24 மணி நேரத்துல போயிடும், சும்மா வெச்சா 48 கூட ஆகலாம்.

கண்ணாடிக்கெண்டை:
அண்ணன் சொன்னது வெறும் குளோரினுக்கு சரி. குளோரமைன் போட்டிருந்தா துணி கட்டினாலும் ஏர் ஸ்டோன் போட்டாலும் நாள் கணக்கா அப்படியே கெடக்கும். குளோரினோட அம்மோனியாவும் சேர்ந்தது அது, நீளமான குழாய்ல கடைசி வீடு வரைக்கும் கிருமிய கொல்லணும்னு போடறது, சீக்கிரம் ஓடிடக்கூடாதுங்கறதுதான் அதோட வேலையே. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், ஒரு பக்கெட் தண்ணிய மூடாம, ஏர் ஸ்டோன் போட்டு ரெண்டு நாள் வெச்சு குளோரின் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கிட் வாங்கும்போது டோட்டல் குளோரின் காட்டறதான்னு பாத்துக்கங்க, ஃப்ரீ குளோரின், அதாவது அம்மோனியாவோட சேராதத மட்டும் காட்டறது இதுக்கு ஆகாது.

ஏழு மாசம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேப்பீங்க. குழாய் ரிப்பேர், கலங்கல் தண்ணி வர்ற சமயம்னா டோஸ ஏத்துவாங்க, நமக்கு வந்து யாரும் சொல்ல மாட்டாங்க.

சோம்பேறிமீன்:
நான் சேத்தே வெக்கறதில்ல ப்ரோ. கை விட்டுப் பாத்து தொட்டி சூட்டுக்கு வர்ற மாதிரி வெந்நி கலந்து நேரா தொட்டிலயே ஊத்திட்டு, ஊத்தற 20 லிட்டருக்கு கணக்கு பண்ணி டீகுளோரினேட்டர் (குளோரின எடுக்கற மருந்து) விடுவேன், முடிஞ்சுது.

கண்ணாடிக்கெண்டை:
அந்தக் கணக்கு தப்பு நண்பா. பக்கெட்லயே கலந்தா 20 லிட்டர் கணக்கு சரி. தொட்டிக்குள்ள நேரா ஊத்தறீங்கன்னா மருந்து மொத்தத் தண்ணிலயும் பரவிடும், அதனால 60 லிட்டருக்கும் போடணும், அதுவும் தண்ணிய விடறதுக்கு முன்னாடி.

கப்பிப்பைத்தியம்:
டெஸ்ட் பண்ணியாச்சு. டப்ல திறந்து ஏர் ஸ்டோன் போட்டு ரெண்டு நாள் வெச்ச தண்ணி, டெஸ்ட் சொட்டு விட்டதும் மஞ்சளாத்தான் வருது, அதாவது குளோரின் இன்னும் இருக்கு, அப்பதான் பிடிச்ச தண்ணியோட பக்கத்துல வெச்சா ரெண்டுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. அப்ப குளோரமைன்தானா? குளோரின எடுக்க சோடியம் தயோசல்பேட் போட்டா போதுமா?

கண்ணாடிக்கெண்டை:
அதேதான். தயோசல்பேட் குளோரின் பாகத்த முடிச்சிடும், ஆனா அம்மோனியா தனியா பிரிஞ்சு தண்ணில நிக்கும். அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும்னு பாட்டில்ல போட்டிருக்கற கண்டிஷனரா வாங்குங்க. மிச்சத்த நல்லா ஓடிப் பழகி பாக்டீரியா வளந்த ஃபில்டர் பாத்துக்கும். பிஹெச் 8க்கு மேலன்னா கூடுதல் ஜாக்கிரத, அங்க அம்மோனியா விஷம் ஜாஸ்தி.

பழையதொட்டி:
மூடியாலதான்னு நான் சொன்னது இங்க பலிக்கல, ஒத்துக்கறேன். அதுக்காக சேத்து வெக்கறத விட்டுடாதீங்க, மருந்து கலந்து ஒரு ராத்திரி வெச்சா சூடு தொட்டியோட சரியாகும், குழாய்லேருந்து வர்ற பொடி நுரையும் அடங்கும். அது சரி, ஃபில்டர் ஸ்பாஞ்ச எதுல கழுவறீங்க?

கப்பிப்பைத்தியம்:
குழாய்க்கு அடில காட்டித்தான்... ஊத்தறதுக்கு முன்னாடி நேத்துகூட கழுவினேன்.

பழையதொட்டி:
அடப்பாவி. அம்மோனியாவத் திங்கற பாக்டீரியா குடியிருக்கறதே அதுலதான், அதையும் அதே தண்ணியால கொன்னுருக்கீங்க. இனிமே தொட்டிலேருந்து எடுக்கற பழைய தண்ணில ரெண்டு தடவ பிழிஞ்சு வைங்க, அழுக்கா இருந்தா இருக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு தீனிய பாதியா கொறைங்க, தண்ணி 10 லிட்டருக்கு மேல மாத்தாதீங்க, அம்மோனியா மட்டும் தெனம் பாருங்க, ஏறினா மட்டும் கண்டிஷனர் கலந்த தண்ணிய கூட மாத்துங்க.