அரிவாள் வாங்கப் போனால் முதல் கேள்வி 'எதுக்கு?'

என் சேகரிப்பில் இருப்பதெல்லாம் வேலை செய்த இரும்பு. பனையேறிகள் பாளையை, அதாவது பனையின் பூங்குலையைச் சீவும் பாளை அரிவாள், நெல்லறுக்கும் பல் வைத்த கருக்கரிவாள், வெட்டரிவாள், கொங்குப் பக்கத்துக் கொடுவாள், தேய்ந்து பாதியாகிப்போன அரிவாள்மனை, பாக்குவெட்டிகள், ரப்பர் பால் வெட்டும் கத்தி. சண்டை வாள் கிடையாது, ஆன்லைனில் விற்கிற மடக்குக் கத்திகளும் கிடையாது. ஒரு கத்தியைப் பார்த்தால் அது எந்த வேலைக்குப் பிறந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாததை நான் வாங்குவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவதும் இல்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் பட்டறைக்காரர்கள்தான். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி இருக்கிறது. அரிவாளுக்குப் பேர்போன ஊர். அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் நேர்த்திக்கடனாக ஆள் உயரத்தைத் தாண்டிய அரிவாள்கள் அங்கே அடிக்கிறார்கள். நான் போனபோது பெரியவர் ஒருவர் உலை முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல வெட்டரிவாள் ஒன்று வேண்டும் என்றேன். "எதுக்குத் தம்பி?" என்றார். வீட்டில் வைக்க என்று சொன்னதும் இரும்பைத் திருப்பி உலைக்குள் தள்ளிவிட்டு, "வேலிக்கருவ வெட்டவா, தென்ன மட்ட கழிக்கவா, எளநி சீவவா? அதச் சொன்னாத்தான் எட சொல்ல முடியும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தொழில்நுட்பமே இருக்கிறது. முள் வெட்டும் அரிவாளுக்கு முதுகு தடிமனாக, முனைப் பக்கம் கனமாக இருக்க வேண்டும். வீசும்போது எடையே வெட்டிவிடும், கை வலிக்காது. இளநீர் சீவுவதற்கு வாய், அதாவது வெட்டும் ஓரம், மெல்லிதாக, நீளமாக வேண்டும். அதே மெல்லிய வாயை வேலிக்கருவையில் போட்டால் பொக்கை விழும். வளைவும் அப்படித்தான். கிளையை இழுத்துப் பிடித்து வெட்டுகிறவருக்கு மூக்கு நன்றாக வளைந்திருக்க வேண்டும், கட்டையில் வைத்து வெட்டுகிறவருக்கு நேராக இருந்தால் போதும்.

தென்னை மட்டைக்கு என்று சொன்னேன். ஊரில் எங்களுக்கு நாலைந்து தென்னை இருக்கிறது, பொய் இல்லை. பழைய லாரியின் கமான் பட்டையில், அதாவது ஸ்பிரிங் பட்டையில், ஒரு துண்டை எடுத்தார். நம் ஊர் அரிவாள்களில் பெரும்பாலானவை இப்போது இந்தப் பட்டையில்தான் பிறக்கின்றன. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கடினமும் ஆகும், வளைந்தும் கொடுக்கும். துருத்தி போய் மின்விசிறி வந்துவிட்டது, கரி மட்டும் பழையபடி.

வடிவம் அடிப்பதைவிட, காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி இறுக்கும் தோய்ச்சல் கொடுப்பதைத்தான் நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். அரிவாளை ஆரஞ்சுச் சிவப்பு வரும்வரை காய்ச்சி, வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுக்கிறார். முதுகில் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். கல்லால் ஒரு தேய்ப்புத் தேய்த்து இரும்பை வெளுப்பாக்கிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு பார்க்கிறார். முதுகிலிருந்து சூடு வாய்க்கு இறங்க இறங்க நிறம் மாறுகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் 220 டிகிரி செல்சியஸ் பக்கம், நீலம் 300-ஐ ஒட்டி. மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் கட்டையில் பட்டால் சில்லு தெறிக்கும். நீலம் வரை விட்டால் உடையாது, கூர் சீக்கிரம் மழுங்கும். தென்னை மட்டை என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் ஊதா தலைகாட்டும் நேரம் பார்த்து முழுசாகத் தண்ணீரில் போட்டார். தெர்மாமீட்டர் இல்லை, கண்தான். அந்தக் கண்ணுக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிளம்பும்போது ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், போன் நம்பர், எதற்காக வாங்குகிறோம் என்று எழுத வேண்டும். 2021-ல் அரிவாளால் நடந்த கொலைகள் அதிகமாகப் பேசப்பட்டபோது, வாங்குகிறவர்களின் விவரத்தைக் குறித்துவைக்கும்படி தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களிடம் சொன்னது. இதை அவமானமாக நினைக்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் கைக்குப் போகிறது என்று தெரிந்து கொடுப்பதில் அடித்தவருக்கும் ஒரு நிம்மதி இருக்கிறது.

அன்று ராத்திரி ஊர் திரும்பும் வழியில் வாகனச் சோதனை. பையில் என்ன என்று கேட்டார்கள். கேட்டதும் சொல்லிவிட்டேன்: அரிவாள் சார், தென்னைக்கு, இன்றைக்குத்தான் வாங்கினேன். சாக்கில் சுற்றிச் சணலால் கட்டி, டிக்கியில் சாமான்களுக்கு அடியில் இருந்தது. பட்டறையில் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தார்கள், தோட்டம் எங்கே என்று கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். ஒரு காவலர் மட்டும் அரிவாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா இந்த மாதிரிதான் வெச்சிருந்தாரு" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கத்தி சேர்க்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருளை ஆயுதம் என்று எடுத்துக்கொள்வதில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி எல்லாம் வருகின்றன. அதிலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. பெரியவர் கேட்ட அதே கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது. ஆனால் அரிவாள் விவசாயக் கருவி என்பதை நம்பிக்கொண்டு நடுராத்திரியில் பைக் சீட்டுக்கு அடியில் செருகிப் போனால் அந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது. அங்கே தோட்டமும் இல்லை, மரமும் இல்லை. சுற்றிக் கட்டி, எடுக்க நேரமாகும் இடத்தில் வைத்து, கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விமானத்தில் கைப்பையில் கத்தி வேண்டவே வேண்டாம், சின்னப் பேனாக்கத்திகூட விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான். சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் உள்நாட்டு விமானங்களில் அனுமதி உண்டு. அதற்கும் அளவு இருக்கிறது: அலகு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம், அதைத் தாண்டக் கூடாது.

கத்தியை எப்படி உடம்போடு எடுத்துப் போவது என்பதை எனக்குக் காட்டியவர் தூத்துக்குடி மாவட்டத்துப் பனையேறி ஒருவர். பாளை அரிவாளை இடுப்பில் கட்டிய அருவாப்பெட்டியில் வைத்துக்கொண்டு அவ்வளவு உயரம் ஏறுகிறார். சவரக்கத்தியை ஒத்த கூர் அது. பதநீர் இறக்கும் காலத்தில் காலையும் மாலையும் பாளையின் நுனியைத் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், மழுங்கிய அரிவாளால் நசுக்கினால் ஊறுவது நின்றுவிடும். ஏறுவதற்கு முன்னால் ஒரு பலகையில் கல் பொடியைத் தூவி, இரண்டு பக்கமும் நிதானமாகத் தீட்டினார். தீட்டி முடியும்வரை பேசவில்லை. நான் வாங்கிப் பார்க்கக் கை நீட்டியபோது கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான், கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்பார். நம்பிக்கை இருக்கட்டும், இரண்டு கைகள் ஒரே நேரத்தில் ஒரு கூர்முனையைப் பிடிக்காமல் இருப்பதே நல்லது. தேய்ந்துபோன பழைய அரிவாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பாதி அலகுதான் மிச்சம், மீதி அவர் தீட்டிய பலகையில் போயிருக்கிறது. என்னிடம் உள்ளதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரோடு விடியும் முன்னால் தோட்டத்துக்குப் போனேன். நெற்றியில் லைட். அந்தக் கத்திக்கு நுனிதான் வாய், அதுவும் ஓரம் மடித்த மாதிரி. பட்டையை இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாகச் சீவுகிறார். உள்ளே மரத்தின் வளரும் படலம் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். தாண்டினால் காயம் முண்டாகிவிடும், மறுபடி அந்த இடத்தில் சரியாக வெட்ட முடியாது. இருட்டில் ஒரு மரத்துக்குச் சில நொடிகள்தான் எடுத்துக்கொண்டார். இதைப் பார்த்த பிறகு, அந்தக் கத்தியைக் கடையில் புதிதாக வாங்கிச் சுவரில் மாட்ட மனசு வரவில்லை. அவர் ஒதுக்கிவைத்திருந்ததைத்தான் வாங்கினேன்.

கர்நாடகத்துக் குடகில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கைல்போள்து என்கிற ஆயுதத் திருவிழா சமயத்தில் போனது வேறு மாதிரி அனுபவம். நாற்று நட்டு முடிந்து, செப்டம்பர் தொடக்கத்தில் கொண்டாடுகிறார்கள். முதுகில் செருகும் அகலமான ஒடிகத்தி, இடுப்பில் செருகும் பீச்சேகத்தி, துப்பாக்கி எல்லாவற்றையும் துடைத்துப் பூஜையில் வைத்துப் பூச்சூட்டுகிறார்கள். அந்தப் பூ நம் செங்காந்தள். நம் ஆயுத பூஜை போலத்தான், ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொரு கத்திக்கும் அது எந்தத் தாத்தாவுடையது என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். விலைக்குக் கேட்கத் தோன்றவே இல்லை, கேட்கவும் கூடாது.

பராமரிப்பு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பழைய இரும்பைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். கருமை அப்படியே இருக்கட்டும், செந்துருவை மட்டும் எடுத்தால் போதும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுக்குப் பிடிக்கும், தையல் மிஷின் எண்ணெய் தேவலாம். தோல் உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் இழுக்கும். பிடி ஆடினால் பசை போட வேண்டாம், பட்டறையில் கொடுத்து அரக்கு வைத்துப் பூண் இறுக்கித் தரச் சொல்லுங்கள். கருக்கரிவாளைச் சாணையில் வைக்கவே வைக்காதீர்கள், பல் போய்விடும். அதற்குக் கருக்கு வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இப்போது நான் தேடுவது தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி, அதாவது செடியைக் கழித்துவிடும் கத்தி. புதிது கிடைக்கிறது. எனக்கு வேண்டியது வால்பாறைப் பக்கமோ நீலகிரியிலோ கவ்வாத்து வெட்டிய ஒருவர் கையில் இருந்து தேய்ந்தது. கத்தியோடு, செடியை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வெட்டினார் என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ள ஒரு அரை நாளும் வேண்டும்.