கிரேன் விபத்து: எந்த ஆவணங்களைக் கேட்க வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். மின்நிலையக் கட்டுமானத்தில் எஃகுத் தூண் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்த கிராலர் கிரேன் (சங்கிலிப் பட்டைகளில் நகரும் கிரேன்) சாய்ந்ததில், அங்கே பணியிலிருந்த என் மைத்துனர் உயிரிழந்தார். தூணின் எடை கிரேனின் திறனுக்கு உட்பட்டதே என்றும் ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்றும் ஒப்பந்த நிறுவனம் கூறுகிறது. ஆனால் 100 டன் கிரேன் என்றால், சுமை மிக அருகில் இருக்கும்போது மட்டுமே அது 100 டன் தூக்கும் என்பதையும், சுழல் மையத்திலிருந்து சுமை விலக விலக அத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் மைத்துனரே முன்பு எனக்கு விளக்கியிருக்கிறார். ஆகவே நிறுவனத்தின் விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

சுமை தூக்கும் திட்டம், சுமை அட்டவணை (எந்தத் தொலைவில் எவ்வளவு எடையைத் தூக்கலாம் எனக் காட்டுவது), காற்றின் வேகப் பதிவு ஆகியவற்றைக் கேட்டு எழுதவிருக்கிறேன். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. கிரேன் நின்ற தரையின் தாங்குதிறன் சோதிக்கப்பட்டதா என்பதை எந்த ஆவணம் காட்டும்? சுமைக் கண்காணிப்புக் கருவியின் பதிவுகள் அழியாமல் இருக்கின்றனவா, அவற்றை யார் எடுத்துத் தர இயலும்? கிரேனைப் பிரித்து அகற்றும் பணி தொடங்கவிருப்பதால், இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் விரைவில் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.