வாளும் மந்திரமும் கலந்த குட்டி சாகசக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன?

இரவுவாசகி:
ஏழெட்டுப் பாகம் ஓடுகிற ஃபேண்டஸி தொடர்களும் எனக்குப் பிடிக்கும், ஆனால் கொஞ்ச நாளாகக் கை போவதெல்லாம் நூற்றைம்பது பக்கத்தில் முடிந்துவிடுகிற பழைய பல்ப் (மலிவுத்தாள் இதழ்) சாகசங்கள் மேல்தான். ஒரு திருடன், ஒரு கோபுரம், உள்ளே ஏதோ ஒன்று. அவ்வளவுதான் கதை, கீழே வைக்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படியா? எதனால்?

கோபுரத்திருடன்:
உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அங்கே யாருக்கும் இல்லை, எனக்கு அதுதான் காரணம். நாயகனுக்கு வேண்டியது ஒரு ரத்தினம், அது கிடைக்காவிட்டால் உயிரோடு வெளியேற ஒரு வழி. ஆசை சின்னது என்பதால் ஆபத்து பக்கத்திலேயே நிற்கிறது. அப்புறம், போகிற போக்கில் ஒரு பாழடைந்த நகரத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கதை ஓடிவிடும், அந்த நகரத்துக்கு என்ன ஆனது என்று நாள் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருப்பேன். வரைபடமும் வம்சாவளியும் கொடுத்துவிட்டால் அந்தச் சுகம் போய்விடும்.

பழுப்புத்தாள்:
எங்கிருந்தும் தொடங்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராபர்ட் ஈ. ஹோவர்ட் படைத்த கோனன் என்ற வாள்வீரன் 1932 டிசம்பர் 'வீர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்க பல்ப் இதழில் அறிமுகமானபோதே நடுவயது அரசன், 1933 மார்ச்சில் வந்த கதையிலோ அனுபவமில்லாத இளம் திருடன். முன்கதை தெரியாமலேயே இரண்டும் புரியும், ஏனென்றால் இதழை அன்றுதான் முதன்முதலாக வாங்குகிறவருக்கும் அந்தக் கதை தனியாக நிற்க வேண்டியிருந்தது. வேகமும் பழகிச் செய்த தொழில்தான். டாக் சாவேஜ் என்ற பல்ப் நாயகனின் கதைகளை எழுதிய லெஸ்டர் டென்ட் 6000 சொல் கதையை நான்காகப் பிரித்து, முதல் வரியிலேயே நாயகனைச் சிக்கலில் தள்ளு என்று சூத்திரமே எழுதிவைத்தார்.

நிலவறை:
எல்லாம் சரி, ஆனால் அந்தக் காலக் கதைகள் பலவற்றில் பெண் என்றால் தூணில் கட்டிவைக்கப்பட்டவள்தான், அதை என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை. சி. எல். மூர் 1934இல் அதே இதழில் எழுதத் தொடங்கிய ஜிரெல் கதைகளைப் படியுங்கள். கோட்டையை ஆள்கிறவளும் அவள்தான், வாளெடுத்துப் பாதாளத்தில் இறங்குகிறவளும் அவள்தான். சண்டையைவிட அவளுடைய கோபம்தான் அந்தக் கதைகளை நகர்த்துகிறது.

இரவுவாசகி:
ஜிரெல் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன், ரொம்ப நன்றி! எந்தக் கதையில் தொடங்கலாம்?

நிலவறை:
முதல் கதையிலேயே தொடங்குங்கள். இரண்டாவது அதன் தொடர்ச்சி, இவை இரண்டை மட்டும் வரிசையாகப் படிப்பது நல்லது.