சாயல்குடி – தூத்துக்குடி: மைலேஜ் போகும்போது 15, திரும்பும்போது 21. வண்டியில் கோளாறா?

பனங்காட்டு வியாபாரி (சாயல்குடி)

எல்லோருக்கும் வணக்கம். நான் கருப்பட்டி வியாபாரம் செய்கிறேன். நரிப்பையூர் பக்கம் வாங்கிக் கட்டி, வாரம் இரண்டு நடை தூத்துக்குடிக்குக் கொண்டு போகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைதான். ஒரு பக்கம் சுமார் 65 கிலோமீட்டர் வரும்.

வண்டி 2019 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பின் சீட்டை மடக்கிவிட்டு டிக்கியோடு சேர்த்துச் சரக்கு ஏற்றுவேன், 200 கிலோ வரை. மீதி ஓலைப்பெட்டிகளை மேலே கேரியரில் வைத்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டுவேன். ரோடு நன்றாக இருப்பதால் 90க்குக் குறையாமல் போய்விடுவேன்.

பிரச்சினை இதுதான். மீட்டரில் போகும்போது லிட்டருக்கு 15 கிலோமீட்டர் காட்டுகிறது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது 21 காட்டுகிறது. சுமைதான் காரணம் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் போன கார்த்திகை, மார்கழியில் பழைய சரக்கை இதே எடையில்தான் கொண்டு போனேன். அப்போது போகும்போதே 19 வந்தது. வைகாசி பிறந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து.

ஊரில் ஒரு மெக்கானிக் இன்ஜெக்டர் சுத்தம் செய்ய வேண்டும் என்று 4,000 ரூபாய் வாங்கினார். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது வண்டியைக் கொடுத்துவிட்டு டீசல் வாங்கு என்கிறார் மச்சான். சிஎன்ஜி வாங்கு என்கிறார் தம்பி. என்ன செய்யலாம்? கிராமங்களில் ஸ்பீடு பிரேக்கர் வருவதற்கு முன்பே நியூட்ரலில் போட்டு உருள விடுகிறேன், ஏசியும் அளவாகத்தான் போடுகிறேன். ஓட்டுவதில் குறை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உச்சிப்புளி டீச்சர்

முதலில் டேங்க் நிரப்பி அளந்தீர்களா? மீட்டர் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம், பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். அதே சமயம் 65 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்ப்பதும் வீண். ஒரு பக்கம் போக 4 லிட்டர் குடிக்கிறது என்றால், பெட்ரோல் பங்கில் கன் அரை லிட்டர் முந்தி நின்றாலே கணக்கு எட்டில் ஒரு பங்கு தப்பிவிடும். ஒரே பங்கில், ஒரே கன்னில், மூன்று நடை போய்வந்த பிறகு நிரப்பிப் பாருங்கள். போகும்போது, வரும்போது என்று பிரித்துப் பார்க்க மட்டும் மீட்டர் போதும். பொய் சொன்னாலும் இரண்டு பக்கமும் ஒரே பொய்தானே.

பாம்பன் பழைய டிரைவர்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கார்த்திகையில் வரவில்லை, வைகாசியில் வந்தது என்கிறீர்கள். சாயல்குடியிலிருந்து தூத்துக்குடி எந்தத் திசை? தென்மேற்கு. வைகாசி முதல் ஆவணி வரை நம் கரையில் அடிப்பது என்ன காற்று? கச்சான். தென்மேற்கிலிருந்து நேர் எதிரே மூஞ்சியில் அடிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று முதுகில் தள்ளியது. இன்ஜெக்டரைக் கழற்றி என்ன பயன்?

என் அப்பா வத்தைப் படகில் பாய் கட்டி ஓடியவர். கச்சான் எழும்பினால் அந்தப் பக்கம் பாயை விரிக்க மாட்டார், காத்திருப்பார். நான் 26 வருடமாக ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். அம்பாசடரில் ஆரம்பித்து, டிசையர் டீசலில் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி, இப்போது இன்னோவா. ஆனால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள உறவை எனக்குக் கணக்காகச் சொன்னது என் மகள். இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 90ல் போகிறீர்கள், எதிரே கச்சான் 25ல் அடிக்கிறது என்று வையுங்கள். வண்டி கிழிக்க வேண்டிய காற்று 115. திரும்பும்போது அதே காற்று பின்னால் இருப்பதால் 65தான். 115ஐயும் 65ஐயும் வர்க்கமாக்கிப் பாருங்கள், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாமே என்று கேட்டேன். அதுவும் நடக்காதாம். போக வர இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், காற்றே இல்லாத நாளைவிட 8 சதவீதம் கூடத்தான் வருகிறது. காற்று கடன் வாங்கினால் முழுசாகத் திருப்பித் தராது.

இதற்கு மேலே ஒரு கேரியர், அதன் மேல் தார்ப்பாய் போட்ட ஓலைப்பெட்டி. தம்பி, நீங்கள் காரில் பாய் கட்டி எதிர்க்காற்றில் ஓடுகிறீர்கள்! 200 கிலோ உள்ளே இருப்பது பெரிய விஷயம் இல்லை. நம் பக்கம் மேடு பள்ளம் கிடையாது. வண்டி கிளம்பும்போதும் ஸ்பீடு பிரேக்கர் தாண்டி மறுபடி வேகம் எடுக்கும்போதும் சுமை தின்னும். சமமான ரோட்டில் ஒரே வேகத்தில் ஓடும்போது அவ்வளவு தெரியாது. மேலே இருப்பதுதான் தின்கிறது. சரக்கு இல்லாதபோதும் கேரியர் மேலேயே இருக்கிறதா? அப்படியானால் வெறும் கம்பிக்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வேகத்தைப் பாருங்கள். அதே கச்சானில் 90க்குப் பதில் 70ல் போனால் 115 என்பது 95 ஆகிறது. தடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 65 கிலோமீட்டரில் நீங்கள் இழக்கும் நேரம் கால் மணிகூட இல்லை. இதைவிட நல்ல வழியும் உண்டு. விடியுமுன் கிளம்புங்கள். கச்சான் பொதுவாக வெயில் ஏறிய பிறகுதான் வெறிபிடித்து அடிக்கும்.

நியூட்ரல் விஷயத்தில் நீங்கள் செய்வது தப்பு. நானும் செய்தவன்தான். பாம்பன் ரோட்டுப் பாலம் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்கும். அம்பாசடர் காலத்தில் உச்சி தாண்டியதும் நியூட்ரலில் போட்டு அக்காள்மடம் பக்கம் உருண்டே வருவேன், பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். அது கார்புரேட்டர் வண்டி. இப்போதுள்ள வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நிற்காமல் ஓட கொஞ்சம் பெட்ரோல் குடித்தாக வேண்டும். மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம். அதிலும் பாலத்தில் பக்கக்காற்று தள்ளும்போது கியர் இல்லாமல் வருவது உயிரோடு விளையாட்டு.

டீசல், சிஎன்ஜி பற்றி அப்புறம் எழுதுகிறேன். தனுஷ்கோடி சவாரி காத்திருக்கிறது.

கீழக்கரை காக்கா

காற்று சரி. ஒன்று விட்டுவிட்டீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ற பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. 2019 வண்டி அந்தக் கணக்கில்தான் வரும். என் 2016 வண்டியிலும் ஒரு கிலோமீட்டர் இறங்கிவிட்டது. ஆனால் இது போகும்போதும் இருக்கும், வரும்போதும் இருக்கும். 15க்கும் 21க்கும் உள்ள இடைவெளிக்கு இது காரணம் ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது? கடலோரத்தில் உப்புக்காற்று பிரேக்கைத்தான் முதலில் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்தினால் பின்சக்கர டிரம் துருவேறி முழுசாக விடாது. பாதி பிரேக்கில் ஓடிக்கொண்டே இருப்போம், நமக்குத் தெரியாது. ஓட்டி முடித்து இறங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான் திருடன். என் வீட்டில் இப்போது ஹேண்ட்பிரேக்கே போடுவதில்லை. முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிடுகிறோம்.

பாம்பன் பழைய டிரைவர்

காக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017ல் தனுஷ்கோடி தாண்டி இருக்கும் அரிச்சல்முனைக்கு ரோடு போடும் முன், மணலில் போவதற்காக டயரில் காற்றைக் குறைப்போம். திரும்பி வந்து ஏற்ற மறந்தால் மறுநாள் ராமநாதபுரம் ரோட்டில் வண்டி இழுக்கவே இழுக்காது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆள் மட்டும் போனால் எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு இரண்டாவது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 30 கிலோமீட்டர் ஓட்டிச் சூடேறிய டயரில் காற்று மூன்று நான்கு பாயிண்ட் கூடக் காட்டும், சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம்.

ஏசிக்குப் பயந்து 80, 90ல் கண்ணாடியை இறக்காதீர்கள். காற்று உள்ளே புகுந்து அதுவும் இழுக்கும், மிச்சம் ஒன்றும் நிற்காது. ஏசி நேரத்துக்குத்தான் தின்னும், தூரத்துக்கு இல்லை. ஊருக்குள் ஊர்ந்து போகும்போதும் நிறுத்தி வைத்திருக்கும்போதும்தான் அது கனம். என் சவாரிகள் தனுஷ்கோடியில் இறங்கிப் போய், திரும்பி வரும்போது வண்டி ஜில்லென்று இருக்க வேண்டும் என்பார்கள். நான் இன்ஜினை அணைத்துவிடுவேன். அவர்கள் ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டினால் அடுப்பு வெக்கை வெளியே போய்விடும், அப்புறம் ஏசி. முகத்தைச் சுளிப்பார்கள், வழியில் முகுந்தராயர் சத்திரம் வருவதற்குள் சரியாகிவிடும்.

இனி வண்டி மாற்றும் பேச்சு. வாரம் இரண்டு நடை என்றால் வருடத்துக்குச் சுமார் 13,500 கிலோமீட்டர். 16 கொடுத்தால் 844 லிட்டர், 20 கொடுத்தால் 675 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் வித்தியாசம் கிட்டத்தட்ட 17,000. இதற்காக ஓடுகிற வண்டியை விற்று, கையில் இருந்து சில லட்சம் போடுவது வியாபாரி செய்கிற வேலையா? இப்போது வரும் டீசலில் புகையை வடிகட்டுகிற டிபிஎஃப் என்று ஒன்று இருக்கிறது. நீண்ட ஓட்டம் ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாகும். தூத்துக்குடி நடைக்கு ஒத்துவரும், மீதி நாளெல்லாம் சாயல்குடிக் கடைத்தெருவில் மட்டும் சுற்றினால் அடைத்துக்கொள்ளும். சிஎன்ஜி செலவு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சிலிண்டர் உட்காரும் இடம் உங்கள் கருப்பட்டி உட்காரும் இடம். அப்புறம் எல்லாப் பெட்டியும் மேலே ஏறும். மறுபடி பாய்.

ஷோரூமில் சொன்ன மைலேஜையும் மறந்துவிடுங்கள். அது லேபில் உருளை மேல் சக்கரத்தை ஓடவிட்டு, ஏசி போடாமல், 90ஐத் தாண்டாமல் எடுத்த எண். அங்கே கச்சானும் இல்லை, கேரியரும் இல்லை.

பனங்காட்டு வியாபாரி (சாயல்குடி)

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காக்கா சொன்னபடி கையை வைத்துப் பார்த்தேன். இடது பின்சக்கரம் அனல். டிரம்மைக் கழற்றினால் உள்ளே செம்மண் மாதிரித் துரு. சுத்தம் செய்ய 600 ரூபாய் ஆனது. ஹேண்ட்பிரேக் போடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். கல்லை எடுக்க மறந்து இரண்டு தடவை கிளம்பிவிட்டேன், அது தனிக் கதை.

டயரில் ஸ்டிக்கர் 32 சொன்னது. பின்னால் 25தான் இருந்தது. கேரியரைக் கழற்றிவிட்டேன். மேலே வைத்த பெட்டிகளுக்கு இடம் பண்ண முடியவில்லை, ஒரு நடைக்கு ஆறு பெட்டி குறைகிறது. அதில் நஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இரண்டு நடையில் மிஞ்சுவதைச் சேர்த்து மாதம் ஒருமுறை லோடு ஆட்டோவில் அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி 75ல் ஓட்டினேன். மீட்டரில் போகும்போது 18.4, திரும்பும்போது 21.6. டீச்சர் சொன்ன மாதிரி மூன்று நடைக்கு டேங்க் நிரப்பிப் பார்த்தேன்: 390 கிலோமீட்டருக்கு 20.4 லிட்டர். அதாவது 19.1. மீட்டர் புளுகுவது முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன்.

ஒரு நாள் மட்டும் தாமதமாகி பத்தரைக்குக் கிளம்பினேன். வேம்பார் தாண்டியதும் கச்சான் பிடித்துக்கொண்டது, அதே 75ல் 16.3தான் வந்தது. பாம்பன் அண்ணன் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

வண்டியை மாற்றவில்லை. மச்சான் பேசுவதில்லை. கேரியர் கொல்லையில் கிடக்கிறது, அம்மா அதன் மேல் கருவாடு காயப்போட்டிருக்கிறார். ஐப்பசி கடைசியில் வாடை திரும்பியதும் இதே நடையை மறுபடி அளந்து இங்கேயே போடுகிறேன்.

பாம்பன் பழைய டிரைவர்

போடுங்கள் தம்பி, பார்க்கலாம். அந்தச் சமயத்தில் திரும்பி வரும்போதுதான் எதிர்க்காற்று, மறந்துவிடாதீர்கள். நல்ல பழைய கருப்பட்டி இருந்தால் ஐந்து கிலோ எடுத்து வையுங்கள், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.