கொல்லைக் கல்யாண முருங்கையும் பேர் புதிதான குளவியும்

குளவி அனுபவம் எழுதுங்கள் என்று இந்தக் குழுவில் கேட்டதும் எல்லோரும் கொட்டு வாங்கிய கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். என் கதையில் வருவது யாரையும் கொட்டாத குளவி. ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், ரவைக் குறுணை அளவு. ஆனால் எங்கள் வேலியில் பாதிக்கு மேல் காலி செய்தது அதுதான்.

மாயவரம் பக்கம் எங்கள் ஊர். கொல்லை வேலி முழுக்கக் கல்யாண முருங்கை. கிளையை வெட்டி நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். யாருக்காவது சளி பிடித்தால் அம்மா நாலு இலை பறித்து அரிசியோடு அரைத்து அடை தட்டுவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தக்காலுக்குக் கிளை கேட்டு வருவார்கள். 2008-இல் அப்படி வந்த ஒருவர், மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வேற எடத்துல பாத்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். கொழுந்தெல்லாம் சுருண்டு, காம்பு வீங்கி, முண்டும் முடிச்சுமாக இருந்தது. அதை யார் நல்ல காரியத்துக்கு எடுப்பார்கள்?

வேப்பெண்ணெய் அடித்தேன். உரக்கடையில் வைரஸ் என்று சொல்லி ஏதோ கொடுத்தார்கள், அதையும் அடித்தேன். புதுத் துளிர் வரும், கொஞ்ச நாளில் அதுவும் வீங்கும்.

ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு காம்பை பிளேடால் கீறினேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புழு. மருந்து ஏன் படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இலைகளைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி, ஜன்னலில் வைத்தேன். (அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.) ஆறாம் நாள் காலை பாட்டில் சுவரில் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தன. எறும்பு என்றுதான் நினைத்தேன். லென்ஸ் வைத்தால் இறக்கை! எல்லாம் வெளிச்சம் வரும் பக்கமாகவே ஏறிக்கொண்டிருந்தன. கருப்பழுப்பில் மஞ்சள் கலந்தவை கொஞ்சம் பெரியவை, வெளிறினவை இன்னும் பொடி. முடிச்சுகளில் ஊசியால் குத்தினாற்போல் வட்ட ஓட்டைகள்.

பாட்டிலோடு பஸ் ஏறி, வேளாண் கல்லூரியில் பூச்சியியல் சொல்லித்தரும் ஒருவரிடம் போனேன். மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாதத்துல எத்தனை கணு, எண்ணுங்க" என்றார். நாலு. "யூலோஃபிடே குடும்பத்துக்கு அது ஒரு அடையாளம். இந்தக் குடும்பத்துல பெரும்பாலானது மத்த பூச்சிகள்ல முட்டை வைக்கும், விவசாயிக்குக் கூட்டாளி. இது செடிக்குள்ளயே முட்டை வெச்சிடுது. கறுப்பு பெண்ணு, வெளுப்பு ஆணு." அப்புறம் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது: "இதுக்குப் பேர் வெச்சே நாலு வருஷம்தான் ஆவுது."

க்வாட்ராஸ்டிகஸ் எரித்ரினே. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் எடுத்த மாதிரிகளை வைத்து, கிம் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் 2004-இல் விவரித்துப் பேர் சூட்டினார்களாம். கல்யாண முருங்கையின் பேரினம் (நெருங்கிய சொந்தங்களுக்கெல்லாம் பொதுவான முதல் பேர்) எரித்ரினா, அதை வைத்தே பேர். புது இனம் என்றால் யாரோ மழைக்காட்டுக்குள் போய்க் கண்டுபிடிப்பது என்று நினைத்திருந்தேன். இதுவோ என் வேலியில். ஆப்பிரிக்காதான் இதன் பூர்வீகம் என்கிறார்கள்.

அப்போதிலிருந்து இதைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். 2005-இல் ஹவாய்க்குப் போய், சில மாதங்களில் தீவு தீவாகப் பரவிவிட்டது. அங்கே விலிவிலி என்று ஒரு மரம், கல்யாண முருங்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை, அந்த மண்ணுக்கே சொந்தம். அதைக் காப்பாற்ற ஆப்பிரிக்காவில் தேடி, தான்சானியாவிலிருந்து இன்னொரு குளவியைக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் அதற்கும் பேரில்லை! யூரிடோமா எரித்ரினே என்று 2008-இல் பேர் வைத்து, அதே வருஷம் ஹவாயில் விட்டார்கள். அதன் புழு ஒரு அறையில் இருப்பதைத் தின்று முடித்து, சுவரைக் குடைந்து அடுத்த அறைக்குப் போகும். நான் பிளேடால் செய்ததை அது பல்லால் செய்கிறது.

வேறு யாராவது உங்கள் பக்கம் பார்த்திருக்கிறீர்களா?

*

அண்ணா, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2004 வாக்கில் எங்கள் புளோக் கீழே இருந்த மரத்தில் இதே கோலம். சிவப்புப் பூ வரும் மரம். அதன் இலையை அப்பா கொசு கடித்த முகம் என்பார். அந்த மாதிரிகள் எங்கள் ஊரிலும் எடுத்தவை என்று இன்றுதான் தெரியும். மரம் இப்போது இல்லை.

*

தம்பி, நான் மரக்காணம் பக்கம். எனக்கு அனுபவம் தைலமரத்தில். நாற்றில் இலை நடுநரம்பும் காம்பும் வரிசையாகப் புடைக்கும், கன்று மேலே போகவே போகாது. அந்தக் குளவி லெப்டோசைப் இன்வேசா. அதற்கும் 2004-இல்தான் பேர், பேரினமே புதிது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதன் எதிரியாக ஆஸ்திரேலியாவில் கிடைத்ததும் ஒரு க்வாட்ராஸ்டிகஸ்தான், மெண்டெலி என்று பேர். உங்கள் வேலியை அழித்தவனுடைய பங்காளி எங்கள் தோப்புக்கு ஆள்காரன். எல்லாக் குளவியையும் மருந்தடித்துக் கொல்லாதீர்கள் என்று பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்.

*

சரிதான் ஐயா, நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீங்கின கிளைகளை வெட்டி எரித்துக்கொண்டே வந்தோம், வெட்டின கிளையை யாருக்கும் நடக் கொடுக்கவில்லை. ஏழெட்டு மரம் போயிற்று, மூன்று நிற்கிறது. முடிச்சு இன்னமும் வருகிறது, முன்னளவு இல்லை. அடையும் உண்டு. அம்மா மட்டும் ஒவ்வொரு இலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மிக்ஸியில் போடுகிறாள்.