பழைய டீசல் கார்: மேடு ஏறினால் மட்டும் சூடாகிறது, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
2 லட்சம் கி.மீ. தாண்டிய டீசல் வண்டி. நெரிசலில் நின்றாலும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. மேடு ஏறினாலோ, ஏசி போட்டு வேகமாகப் போனாலோ சிவப்புப் பக்கம் நகர்கிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. கூலண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றிவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே உள்ள சீல்) போய்விட்டது என்கிறார். செலவில் இறங்குமுன் எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில் 1:
எப்போது சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் ஃபேனைப் பார்க்கலாம். உங்களுடையது நேர்மாறு. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்த்த பிறகுதான் கேஸ்கட்.

முதலில் ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசியின் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் கம்பளிபோல அப்பியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுவதுபோல மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். ஜெட் அடித்தால் ஃபின் (மெல்லிய உலோகத் தகடு) மடங்கிவிடும். அடுத்து, என்ஜினை நன்றாகச் சூடாக்கி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகம் முழுக்க அளந்து வாருங்கள். உள்வழியிலிருந்து வெளிவழி வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே ட்யூப் அடைத்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பலவற்றில் அடிப்பக்கம் இன்னொரு தட்டு உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அது பைபாஸை (ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் திரும்பும் வழி) மூடும். கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும், மேட்டில் சூடு இன்னும் கூடும். தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைப் பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். மேலே 82 என்று அடித்திருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் முழுதாகத் திறக்க வேண்டும். கொதிக்கும்போதும் பாதிதான் திறக்கிறது என்றால் புதிதாக மாற்றுங்கள்.

பதில் 2:
கூலண்ட் குறைவதற்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த நிலையில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1 பார் பிடிக்கும் மூடி அதை 125-க்கு மேல் தள்ளுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ மேட்டில் ஆவியாகவே போய்விடும், தரையில் சொட்டாது. மூடியை மாற்றிவிட்டு, ஆறிய என்ஜினில் பிரஷர் டெஸ்டரை மூடியில் உள்ள அளவு வரை ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். இறங்கினால் பம்பின் சிறு துளைக்குக் கீழே காய்ந்த கறையையும் ஹீட்டருக்குக் கீழே கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள்.

கேஸ்கட்டுக்கு: காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகுமுன்பே கல்லாக இறுகினால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து எரிந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவ டெஸ்டில் திரவம் மஞ்சளானாலும் அதே பொருள்தான். ஆனால் டீசல் ஐடிலில் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. லோடு இல்லாமல் பார்த்து நீலமாகவே இருந்தால் கேஸ்கட் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கேட்டவர்:
பார்த்தேன். காலையில் மேல் ஹோஸ் இறுகவில்லை. தெர்மோஸ்டாட் 95-ல் முழுதாகத் திறக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது. சூடான என்ஜினை 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் கீழ் ஹோஸ் சப்பையாகிறது.

பதில் 1:
இதுதான் துப்பு. என்ஜின் ஆறும்போது ஹோஸ் சப்பையானால் மூடியின் வெற்றிட வால்வில் கோளாறு. ரேஸ் கொடுக்கும்போது சப்பையானால், பம்ப் இழுக்கும் வேகத்துக்கு ரேடியேட்டரால் தண்ணீர் தர முடியவில்லை. பம்ப் இறக்கை நன்றாகத்தான் இருக்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்க வேண்டிய மாடல் என்றால் அது துருப்பிடித்துப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபின் விரல் பட்டால் உதிர்கிறதென்றால் ஃப்ளஷ் செய்து (உள்ளே கழுவி) பயனில்லை, ரேடியேட்டரையே மாற்றுங்கள். இப்போதைக்கு ஹெட்டில் கை வைக்க வேண்டாம்.

நிரப்பும்போது டீமினரலைஸ்டு தண்ணீரும் கூலண்டும் சரிபாதி. வண்டியின் மூக்கை மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளீட் ஸ்க்ரூவில் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) குமிழி நிற்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் இன்னும் ஏர் லாக் இருக்கிறது.